பதினெட்டாம் நம்பர் பாட்டு

ஆயுத பூஜைக்கு மூக்கண்டப்பள்ளி பக்கம் வந்திருக்கிறீர்களா? வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனி கேட் குடும்பங்களுக்காகத் திறக்கும். கேட்டில் வாழைமரம், மெஷினுக்குச் சந்தனம், ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். அப்பாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, “இதான் என் மெஷின், கிட்ட போகாத” என்று காட்டுவார்கள். பொரி பொட்டலம் வாங்கிக்கொண்டு சாமியானாவுக்கு வந்தால் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்திருக்கும்.

எங்க நைனா அந்த மேடையில் வருஷா வருஷம் ஒரு பாட்டு பாடுவார். (நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளோடு வளர்ந்ததில் அப்பா எனக்கு நைனா ஆகிவிட்டார்.) பாடுவது பி.பி. ஸ்ரீநிவாஸ். அதற்குக் காரணம் உண்டு. ஓசூரில் எந்தப் பாட்டை எடுத்தாலும் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. பி.பி.எஸ் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. தமிழ்க்காரர்களுக்கு அவர் ஜெமினி கணேசனின் குரல், கன்னடக்காரர்களுக்கு ராஜ்குமாரின் குரல், தெலுங்குக்காரர்களுக்குக் காக்கிநாடாவில் பிறந்த சொந்தக்காரர். “பாட்டு நமக்குப் பிடிச்சா மட்டும் போதாதுடா, எதிர்ல யாரு உட்கார்ந்திருக்கான்னு பாக்கணும்” என்பார் நைனா.

1999 ஆயுத பூஜை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பத்து வயது. அந்த வருஷம் நைனா பாடவில்லை. “தொண்டை சரியில்ல” என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் ஒருவர் டி.எம்.எஸ் பாட்டு பாடினார். என்ன குரல்! நான் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். நைனா என்னை இறங்கச் சொல்லவில்லை. தானும் தட்டினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் நைனாவுக்கு வேலை போனது. இரண்டு வருஷத்தில் கம்பெனியே மூடியது. இன்று அங்கே குடோன் இருக்கிறது. நைனா இன்னொரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஆனார். அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை ஒரு ஜப்பானியப் பாடகியைப் பற்றியது. அவரிடம் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

2

டிப்ளமோ முடித்து, பைக்குகளுக்கு லைட் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன். ஜப்பான் கூட்டுக் கம்பெனி. மாலை வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழியில் என்4 தேறியதும், 2015-ல் பதினோரு மாதப் பயிற்சிக்கு ஹமமட்சு அனுப்பினார்கள்.

ஹமமட்சுவைப் பார்த்ததும் எனக்கு ஓசூர் ஞாபகம் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். அது கடலோர ஊர், சுத்தமான ஊர், வெயிலில் மின்னும் ஊர். ஆனால் ஊருக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வாகனத்தின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்கிறவர்கள். சுசுகி 1909-ல் தறி செய்யும் கம்பெனியாக அங்கேதான் தொடங்கியது. யமஹா அங்கே முதலில் செய்தது ஆர்கன், அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் பைக். நம் ஓசூரில் 1980-களில் இந்த்-சுசுகி பைக் ஓட ஆரம்பித்ததற்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. பைக்கும் பியானோவும் ஒரே ஊரில் செய்கிறார்கள் என்பதை என்னால் கொஞ்ச நாள் ஜீரணிக்க முடியவில்லை.

போன இரண்டாவது வாரம் வரவேற்பு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் கரோக்கி. நம் ஊரில் கரோக்கி என்றால் மண்டபம், மேடை, மிக்சர். அங்கே பத்துப் பேர் உட்காரும் சின்ன ரூம். மெலன் சோடா, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கஞ்சிரா மாதிரி டாம்பரின், பாட்டைத் தேட டேப்லெட் மாதிரி ஒரு கருவி. என்னைப் பார்த்து எல்லாரும் கேட்டது “முத்து!” 1998-ல் அங்கே ஓடிய ரஜினி படத்தை அவர்கள் மறக்கவேயில்லை. கருவியில் நான் தேடிய தமிழ்ப் பாட்டு எதுவும் கிடைக்கவில்லை. ட்ராக் இல்லாமல் நான்கு வரி பாடினேன். அன்போடு டாம்பரின் தட்டினார்கள். அந்த அன்புதான் தாங்க முடியாததாக இருந்தது. விலங்குக் காட்சியில் நிற்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் என்னுடைய லைன் தலைவர் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்த மனிதர். லைன் தலைவரை அங்கே ‘ஹான்ச்சோ’ என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இது: “நூறு பேரின் நூறு பாட்டைக் கற்றுக்கொள்ளாதே. ஒரே ஆளைப் பிடி. அவருடைய ஐந்து பாட்டு போதும். ஆயுசுக்கும் வரும்.”

யாரைப் பிடிப்பது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “நகஜிமா மியுகி.”

3

நகஜிமா மியுகி 1952-ல் ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் பிறந்தவர். எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது எல்லாம் அவரே. 1975-ல் யமஹா நடத்திய பாட்டுப் போட்டியில் ‘ஜிதாய்’ என்ற பாட்டைப் பாடிப் பெரிய பரிசு வாங்கினார். ‘காலம்’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என்று நான்கு பத்தாண்டுகளிலும் அவருடைய ஏதாவது ஒரு பாட்டு ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருக்கிறது. நமக்குப் பழக்கமான ஒப்பீடு சொல்லலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை. நம் ஊரில் கவிஞர் வேறு, இசையமைப்பாளர் வேறு, பாடகர் வேறு. மூன்றையும் ஒரே பெண் ஐம்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை.

ஹான்ச்சோ ஒரு கம்பெனி துண்டுச்சீட்டின் பின்பக்கம் ஐந்து பாட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் பாட்டு ‘வகரேஉதா’. 1977. பிரிவுப் பாட்டு. ரூமில் எல்லாரும் கொஞ்சம் குடித்த பிறகு பாட வேண்டும். யாருக்காவது அழ வேண்டியிருக்கும், அவர்களுக்கு உதவும்.

இரண்டாவது ‘அகுஜோ’. 1981. கெட்ட பெண் என்று தலைப்பு. மெட்டு மட்டும் பூங்காவில் நடக்கிற மாதிரி இருக்கும். கெட்டவளாக வேஷம் போட்டு ஒருவனை விலகிப் போக வைக்கிற பெண்ணின் கதை. ஆம்பளை பாடினால் சிரிப்பார்கள், பரவாயில்லை என்றார்.

மூன்றாவது ‘இதோ’. நூல் என்று அர்த்தம். 1992-ல் ஒரு ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வந்து, பல வருஷம் கழித்து மற்றவர்கள் பாடிப் பாடிப் பெரிதான பாட்டு. பாவு நூல், ஊடை நூல் என்று இரண்டு மனிதர்களைத் தறியில் வைத்துப் பார்க்கும். கல்யாணத்தில் கட்டாயம் பாடுவார்கள். மெதுவான பாட்டு, வெளிநாட்டுக்காரனுக்குத் தோது. போனில் நைனாவிடம் “இதோன்னு ஒரு பாட்டு கத்துக்கிறேன்” என்றபோது, “எதோ?” என்றார்.

நான்காவது ‘ஃபைட்!’. 1983. நகஜிமா ரேடியோவில் ராத்திரி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த காலம். நேயர்களின் கடிதங்களைப் படிப்பார். நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றதால் வேலை தர மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கடிதத்தில் தொடங்குகிறது இந்தப் பாட்டு. பாதிப் பாட்டு பேச்சு மாதிரி ஓடும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். “இது கடைசியில் கற்றுக்கொள்” என்றார்.

ஐந்தாவது ‘ஹெட்லைட், டெயில்லைட்’. இதை எழுதும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நாள் முழுக்கப் பார்ப்பது அந்த இரண்டு சாமான்களைத்தான். “இது உன் பதினெட்டாம் நம்பர்.”

ஒருவரின் சொந்தப் பாட்டை ஜப்பானில் ‘பதினெட்டாம் நம்பர்’ என்பார்கள். கபுகி நாடகத்தில் ஒரு பரம்பரை தங்களுக்கென்று பதினெட்டு நாடகங்களை ஒதுக்கி வைத்துக்கொண்டதிலிருந்து வந்த பேச்சு. ஒருவரின் பதினெட்டாம் நம்பரை அவர் இருக்கும் ரூமில் இன்னொருத்தர் பாடக்கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் அது.

ராத்திரி டார்மிட்டரியில் பழகினேன். தமிழனுக்கு ஜப்பானியப் பாட்டு வராதா என்ன என்று நினைத்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, நன்னூல் படித்தவனுக்கு அப்படியே பொருந்துகிறது. திரையில் கஞ்சி எழுத்துக்கு மேலேயே சின்னதாக ஹிரகனாவில் உச்சரிப்பு போட்டுவிடுவார்கள். அப்படியும் நான் ஒவ்வொரு வரியையும் சீக்கிரமாக முடித்துவிட்டு நின்றேன். காரணத்தை ஹான்ச்சோதான் மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. அவர்களுடைய ‘ன்’ ஒரு முழுத் தட்டு. பன்னிரண்டு வருஷம் படித்த இலக்கணத்தை ஒரு ‘ன்’னுக்காகக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

அடுத்தது சுருதி. பெண் குரல் பாட்டு. கருவியில் ஒரு பட்டன் இருக்கிறது, தட்டத் தட்ட சுருதி அரை ஸ்வரமாக இறங்கும். நான் நான்கு தட்டு. ஹான்ச்சோ ஐந்து. மார்க் போடும் வசதியையும் அவர் எப்போதும் அணைத்துவிடுவார். “பகலெல்லாம் நம்பர்தானே பார்க்கிறோம்.”

4

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. நகஜிமாவின் மிகப் பிரபலமான இரண்டு பாட்டுகள் அந்தச் சீட்டில் இல்லை. ஒன்று ‘ஜிதாய்’. இன்னொன்று ‘சிஜோ நோ ஹோஷி’.

‘சிஜோ நோ ஹோஷி’ என்றால் தரையிலிருக்கும் நட்சத்திரங்கள். 2000-ல் என்.எச்.கே தொலைக்காட்சி தொடங்கிய ‘ப்ராஜெக்ட் எக்ஸ்’ என்ற தொடரின் முகப்புப் பாட்டு. போருக்குப் பிறகு ஜப்பானைக் கட்டியெழுப்பிய, பெயர் தெரியாத பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் பற்றிய தொடர் அது. ‘ஹெட்லைட், டெயில்லைட்’ அதே தொடரின் முடிவுப் பாட்டு. முகப்புப் பாட்டில் சுபரு வரும், பெகாசஸ் வரும். சுபரு என்றால் நம் கார்த்திகை மீன்கள். எல்லாரும் வானத்தையே பார்க்கிறார்களே, தரையில் இருக்கிறவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிற பாட்டு. 2002 டிசம்பர் 31 அன்று என்.எச்.கே-யின் வருஷக் கடைசி நிகழ்ச்சிக்காக நகஜிமா இதைக் குரோபே அணைப் பகுதியின் சுரங்கத்துக்குள் நின்று பாடினார். அந்த அணையைக் கட்டியதில் 171 பேர் செத்திருக்கிறார்கள். அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு, வெளிவந்து 130-ஆவது வாரத்தில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது.

இதை ஏன் எழுதவில்லை என்று ஹான்ச்சோவிடம் கேட்டேன்.

“அது செக்‌ஷன் மேனேஜருடைய பதினெட்டாம் நம்பர்.”

எந்த மேனேஜர் என்று கேட்டதற்கு, “எந்தக் கம்பெனிக்குப் போனாலும்” என்றார். எங்கள் மேனேஜரும் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க அதைத்தான் பாடுவார்.

சரி, ‘ஜிதாய்’? அதற்கு அன்று பதில் வரவில்லை. நான் ஊர் திரும்பும் வாரத்தில்தான் சொன்னார்.

1990-ல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, ஜப்பானிய வம்சாவளி பிரேசிலியர்களை வேலைக்கு வரவிட்டார்கள். ஹமமட்சு தொழிற்சாலைகளுக்கு நிறையப் பேர் வந்தார்கள். 2008 சரிவில் முதலில் வேலை போனது அவர்களுக்குத்தான். 2009-ல் அரசாங்கமே ஒரு திட்டம் போட்டது: ஊர் திரும்பினால் ஒரு தொழிலாளிக்கு 3 லட்சம் யென், குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தலைக்கு 2 லட்சம். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதே விசாவில் உடனே திரும்பி வர முடியாது. ஹான்ச்சோவின் லைனிலிருந்து ஏழு பேர் போனார்கள். அவர்களை வழியனுப்ப அவர் ஒரு கரோக்கி ரூம் எடுத்தார். அங்கே ‘ஜிதாய்’ பாடினார். காலம் சுற்றும், இன்றைய துக்கம் ஒருநாள் பழங்கதையாகும் என்று ஆறுதல் சொல்கிற பாட்டு.

“எல்லாரும் அழுதார்கள். என்னைக் கட்டிக்கொண்டார்கள். யார் யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்று மேலே எழுதிக் கொடுத்தது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.”

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று என் என்4 பாடத்தில் இல்லை. “சோ தெசு கா” என்றேன். அப்படியா என்று அர்த்தம்.

5

கரோக்கி கருவியை உருவாக்கியவர்களில் ஒருவராக உலகம் கொண்டாடுவது இனோஉஎ தைசுகே என்பவரை. 1971, கோபே நகரம். மதுக்கடைகளில் பாட வரும் வாடிக்கையாளர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு சின்னக் கம்பெனி முதலாளி, வெளியூர் பயணத்தில் தன்னோடு வந்து வாசிக்கச் சொன்னார். இவரால் போக முடியவில்லை. அவருக்குத் தோதான சுருதியில் டேப்பில் வாசித்துக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்துதான், கார் ஸ்டீரியோவை வைத்துக் காசு போட்டால் ஓடும் பெட்டி செய்யும் யோசனை வந்தது. காப்புரிமை வாங்கவில்லை. 2004-ல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள வழி செய்தாராம்.

ஆக, அவருடைய முதல் கரோக்கி ஒரு முதலாளி பாடுவதற்காகச் செய்யப்பட்டது. இதை நான் 2019-க்குப் பிறகுதான் யோசித்தேன்.

2019 ஓசூருக்கு எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வண்டி விற்பனை விழுந்தது. கடன் கிடைக்கவில்லை, அடுத்த ஏப்ரலில் பிஎஸ்-6 வரப்போகிறது என்று வாங்குகிறவர்களும் காத்திருந்தார்கள். கம்பெனிகள் ‘வேலையில்லா நாள்’ அறிவித்தன. ஷிப்ட் பஸ்ஸில் எப்போதும் இடம் கிடைத்தது. மூக்கண்டப்பள்ளியில் ஒடிசா, பீகார் பையன்கள் ரூமுக்கு ஆறு பேர் என்று தங்கியிருந்த லைன் வீடுகளில் டூலெட் போர்டு தொங்கியது.

நான் அப்போது சூப்பர்வைசர். லைனில் இருபத்தாறு பேர், அதில் பத்தொன்பது பேர் காண்ட்ராக்ட். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பதினாலு பேர் என்று மேலேயிருந்து வந்தது. யார் என்பதை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் லைன் போர்டில் ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த ஸ்கில் மேட்ரிக்ஸ் உண்டு. ஆளுக்கொரு வட்டம். வேலை தெரியத் தெரியக் கால் கால் பங்காகக் கறுப்பு அடிப்போம். நான் கால் வட்டங்களையெல்லாம் எடுத்தேன். அரை வட்டத்தில் மூன்று பேரை எடுத்தேன். எக்செல் ஷீட்டில் முதல் பத்தி கேட் பாஸ் நம்பர். அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை. பதினாலு பேரில் எனக்கு நேராகத் தெரிந்த பெயர் ஐந்துதான். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. அரை மணி நேரம்.

அடுத்த சனிக்கிழமை எங்களுடைய ஜப்பானிய ஆலோசகர் ஊர் திரும்புவதற்கான விருந்து. பெங்களூரு ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹால். கல்யாணங்களுக்கு ட்ராக் போட்டுப் பாடும் உள்ளூர் அண்ணன் ஒருவர் ஸ்பீக்கர், மிக்சரோடு வந்திருந்தார். ஜப்பானியக் கரோக்கி ட்ராக்குகளை யூடியூபில் எடுத்து வைத்திருந்தோம். நான் ‘இதோ’ பாடலாம் என்று இருந்தேன். பெரிய மேனேஜர் மைக்கிலேயே கூப்பிட்டார்: “தம்பி, ஜப்பான்ல இருந்து வந்தப்ப ஒரு பாட்டு போட்டுக் காட்டினியே, இன்ஜினியர்ஸ் பாட்டு. அதைப் பாடுப்பா.”

‘சிஜோ நோ ஹோஷி’.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த அண்ணனிடம் நான்கு இறக்கச் சொன்னேன். கண்ணை மூடினேன். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினேன். ஆயுசில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை, ‘ன்’ எல்லாம் முழுத் தட்டு நின்றது. ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீடியோ ராத்திரிக்குள் மூன்று வாட்ஸப் குரூப்புக்குப் போய்விட்டது.

6

வீட்டுக்கு வந்தபோது நைனா முழித்திருந்தார். அன்று அவருக்கு டூட்டி இல்லை.

“என்னடா, பாடுனியாமே. மேல் வீட்டுத் தம்பி காட்டினான்.”

போனைக் கொடுத்தேன். முழுசாகப் பார்த்தார். பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை கேட்டார்.

“மேல போறப்ப இழுக்குற. இன்னும் அரைக் கட்டை இறக்கிருக்கலாம்.” கொஞ்ச நேரம் கழித்து, “அர்த்தம் என்ன?” என்றார்.

சொன்னேன். பெயர் தெரியாமல் வேலை செய்தவர்கள், அணையில் செத்தவர்கள், தரையிலிருக்கும் நட்சத்திரங்கள். உற்சாகமாகவே சொன்னேன்.

“உங்க லைன்ல பதினாலு பேர எடுத்துட்டாங்கன்னியே, அந்த லிஸ்ட் யாரு போட்டது?”

“மேலருந்து வந்துச்சு நைனா.”

“எழுதுனது?”

நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விருந்தில் சாப்பிட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“ஒரு வருஷம் ஆயுத பூஜைல வெள்ளைச் சட்டைக்காரரு ஒருத்தரு டி.எம்.எஸ் பாடுனாரே. நீகூட சேர் மேல ஏறி நின்ன.”

“ஞாபகம் இருக்கு.”

“எங்க டிபார்ட்மெண்ட் லிஸ்ட்டு அவருதான் எழுதுனாரு. எனக்கு மொத நாளே தெரிஞ்சிருச்சு. டைப் அடிச்ச பையன் சொல்லிட்டான்.”

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் சொல்லலாம். மேலே சொன்னால் நாங்கள் என்ன செய்வது, நான் எழுதாவிட்டால் இன்னொருத்தன் எழுதுவான், எல்லாம் தயாராக இருந்தது.

“நல்லாத்தான் பாடுனாரு,” என்றார் நைனா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

7

பதினாலு பேரில் மூன்று பேரின் நம்பர் என் போனில் இருந்தது. மறுநாள் கூப்பிட்டேன். இரண்டு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். மூன்றாவது பாலாசோர்ப் பையன், திருப்பூருக்குப் போயிருந்தான். என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாகி, “வேலை இருக்கா அண்ணா? வரவா?” என்றான். இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். சும்மா எதற்கு ஒரு சூப்பர்வைசர் கூப்பிடுவான் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் பேச வரவில்லை.

அதற்குப் பிறகு லிஸ்ட் எழுதவே இல்லையா என்று கேட்காதீர்கள். 2020 வந்தது, எழுதினேன். நான் அந்த வேலையை விடவில்லை. இப்போது போர்டில் வட்டத்துக்குப் பக்கத்தில் நம்பரோடு பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இதனால் யாருடைய வேலையும் தப்பவில்லை. எழுதும்போது நேரம் கூட ஆகிறது, அவ்வளவுதான்.

ஜப்பானுக்குப் போகும் புதுப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மொழி சொல்லித்தருகிறேன். போவதற்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்வி, “கரோக்கிக்கு எந்தப் பாட்டுண்ணா கத்துக்கணும்?” ஹான்ச்சோவின் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அதே ஐந்து பாட்டு. மற்ற இரண்டும் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் நைனா சொன்னதைச் சொல்கிறேன்: எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். கூடவே நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: அந்த ரூமுக்கு யாரெல்லாம் வரவில்லை என்றும் பார். அந்தப் பாட்டுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனியாகக் கேட்கும்போது ‘சிஜோ நோ ஹோஷி’ இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. கேட்கிறேன், பாடுவதில்லை. ‘ஃபைட்!’ இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். பேச்சு மாதிரி ஓடும் இடத்தில் இப்போதும் நாக்கு சுளுக்குகிறது.

2022 அக்டோபரில், கொரோனாவுக்குப் பிறகு, எங்கள் கம்பெனியில் குடும்பங்களை உள்ளே விட்டு ஆயுத பூஜை நடந்தது. நைனாவை அழைத்துப் போனேன். “இதான் என் லைன்” என்று காட்டினேன். போர்டில் இருந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ரா இல்லை, இப்போதெல்லாம் கரோக்கிதான். அதே ஹோட்டல் ஹால் அண்ணன். நான் நைனாவிடம் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டேன்.

மேடைக்கு வந்தார். மைக்கை மார்போடு ஒட்டிப் பிடித்தார், பழைய வழக்கம். பி.பி.எஸ் ட்ராக் ஓட ஆரம்பித்தது. முன்னிசை முடிந்து பாட வேண்டிய இடம் வந்தது, போனது. நைனா நின்றுகொண்டே இருந்தார். அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராவில் தபலாக்காரர் கண்ணால் பார்த்து இன்னொரு சுற்று வாசித்துக் காத்திருப்பார். ட்ராக் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பல்லவி முழுக்க வெறும் வாத்தியம் ஓடியது. பின்னால் நின்றிருந்த காண்ட்ராக்ட் பையன்கள், என்ன மொழிப் பாட்டு என்றுகூடத் தெரியாதவர்கள், தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

நைனா மைக்கை இறக்கி, அந்த அண்ணன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மொதல்லருந்து போடு. ஒரு கட்டை இறக்கிக்கோ. வயசாயிருச்சு.”

இரண்டாவது தடவை சரியான இடத்தில் எடுத்தார்.

நான் கீழே நின்றிருந்தேன். குரல் சரணத்தில் இரண்டு இடத்தில் உடைந்தது. யார் எழுதிய லிஸ்ட்டில் யார் பெயர் இருந்ததோ அவர், லிஸ்ட் எழுதுகிற ஒருத்தனின் கம்பெனியில் பாடுகிறார் என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்படியெல்லாம் ஓடியதாகத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, “பொரி எங்க குடுக்குறாங்க?” என்று கேட்டார்.